பசியே கவசம்

வழுக்கல் நமக்குப் புதிதன்று. பள்ளிவாசல் ஹவுளின் கீழ்ப்படியிலும், கிணற்றடிக் கல்லிலும், பல நாள் தேய்க்காத குடத்தின் உட்புறத்திலும், வைகறையில் எழுந்ததும் நாவால் தடவிப் பார்க்கும் பல்லின் மேலும் அது இருக்கிறது. கண்ட இடத்திற்கேற்பப் பாசி என்றும், வழும்பு என்றும், ஊத்தை என்றும் நம்மவர் அதற்குப் பெயரிட்டு வந்துள்ளனர். பெயர்கள் பலவாயினும் பொருளின் அடிப்படை ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒரு பரப்பின்மீது ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசையினுள் கூட்டமாகக் குடியேறி வாழ்கின்றன. அக்குடியிருப்பை இன்றைய விஞ்ஞானம் பயோஃபிலிம் என்கிறது. நாம் அதனை உயிர்ப்படலம் என்று அழைப்போம்.

இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது படலத்தைப் பற்றி மட்டுமன்று. படலத்தைப் பற்றிய கணக்கைப் பற்றியுமாகும். கிருமிக்கும் கணக்கிற்கும் என்ன உறவு என்று நேயர்கள் வியக்கக்கூடும். அவ்வுறவை நமக்கு அறிமுகப்படுத்தியது ஏடன்று. நம் குடும்பத்தில் வந்த ஒரு நோய். அதனைச் சொல்லுமுன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பழைய செய்தியைச் சொல்லியாக வேண்டும்.

ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்று ஒரு நகரம். அங்கே துணி வாணிபம் செய்துவந்த அந்தோனி வான் லேவன்ஹூக், கண்ணாடித் துண்டுகளைத் தம் கையாலேயே தேய்த்து உருப்பெருக்கிகள் செய்தவர். 1683ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிற ஊத்தையில் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டதாக அதில் தெரிவித்தார். அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்குகிற பழக்கமுடையவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டில் இன்னொரு செய்தி எழுதினார். காடியால் வாயைக் கழுவிப் பார்த்தபோது, ஊத்தையின் வெளிப்புறத்தில் இருந்த உயிர்கள் மடிந்தன. உள்ளே இருந்தவை பிழைத்திருந்தன. காடி ஊத்தை முழுவதையும் ஊடுருவிச் செல்லவில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

கேட்ட அளவில் எவரும் ஒப்புக்கொள்ளும் முடிவு இது. வெளியே பசை மதில். உள்ளே கிருமிக் கூட்டம். மதிலைத் தாண்ட மருந்தால் இயலவில்லை. நம் வீட்டிலும் இந்த எண்ணமே ஒரு பெரும் வழக்காக எழுந்தது.

நம் மூத்த லாத்தாவுக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. தேய்ந்துபோன வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டார். எலும்பின் இரு முனைகளிலும் உலோகம். இடையில் ஒரு பிளாஸ்டிக் தகடு. நான்கு வாரம் நன்றாக நடந்தார். ஐந்தாம் வாரம் மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டது. ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி என்று அறிக்கை வந்தது. இன்னின்ன மருந்துகளுக்கு அது கட்டுப்படும் என்றும் அதில் வரிசையாக எழுதியிருந்தது. அவற்றுள் ஒன்றைக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிற்று. மருந்தை நிறுத்திய சில நாட்களில் மீண்டும் ஏறிற்று. மறுபடியும் மருந்து, மறுபடியும் இறக்கம், மறுபடியும் ஏற்றம். இனி மூட்டைத் திறந்து கழுவ வேண்டும். இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள் என்றார் மருத்துவர்.

மச்சான் ஒப்பவில்லை. “கட்டுப்படும் என்று தாளிலேயே எழுதியிருக்கிறது. பிறகு எதற்குக் கத்தி? மருந்து உள்ளே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். இன்னும் வீரியமானதாகக் கொடுக்கச் சொல்லுங்கள் தம்பி” என்றார். சர்க்கரை நோயுள்ள உடம்பில் மற்றோர் அறுவை என்றதும் லாத்தாவும் அஞ்சினார். வீடு இரண்டு பட்டது. வேறு மருத்துவமனை என்றார் ஒருவர். நாட்டு வைத்தியம் என்றார் இன்னொருவர். காய்ச்சலோ எவருடைய முடிவுக்கும் காத்திராமல் ஏறிக்கொண்டிருந்தது.

லாத்தாவின் இளைய மகன் இரசாயனப் பொறியியல் படித்தவன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றில் பணி செய்பவன். அவன் அந்த அறிக்கைத் தாளைப் புரட்டிப் போட்டு, அதன் பின்புறத்தில் ஒரு கணக்கை எழுதினான். “வாப்பா, மருந்து உள்ளே போகவில்லை என்கிறீர்கள். போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் பார்ப்போம்” என்றான்.

அவன் எழுதிய கணக்கிற்கு மூலம் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1855ஆம் ஆண்டில் வகுத்த விரவல் விதி. தண்ணீரில் இட்ட சாயம் எவரும் கலக்காமலே மெல்ல மெல்லப் பரவுகிறதல்லவா, அப்பரவலின் வேகத்தைச் சொல்லும் விதி அது. அதிலிருந்து கிடைப்பது ஓர் எளிய வாய்பாடு: கடக்கவேண்டிய தடிமனை அதனாலேயே பெருக்கி, விரவல் எண்ணால் வகுத்தால், கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழத் தெரியும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர். மருந்து மூலக்கூறு ஒன்றிற்குத் தண்ணீரில் விரவல் எண் விநாடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரோமீட்டர். படலத்தின் தடிமன் 100 மைக்ரோமீட்டர் என்று கொள்வோம். நூற்றை நூறால் பெருக்கப் பத்தாயிரம். அதை ஐந்நூறால் வகுக்க இருபது. ஆக இருபது விநாடி!

பசை தண்ணீரன்று, அதில் பரவல் மெதுவாகவே நடக்கும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் ஒரு நிமிடந்தான். படலம் ஒரு மில்லிமீட்டர் தடிமனாக இருந்தால், தடிமன் பத்து மடங்கு, நேரம் நூறு மடங்கு. அதுவும் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். வேளை தவறாமல் நாட்கணக்கில் உட்கொள்ளும் மருந்திற்கு அது ஒரு காலமா? மதில் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தது வெறும் திரைச்சீலை. இரண்டு வரிக் கணக்கு அதனை விலக்கிக் காட்டிற்று.

இது தாளில் மட்டும் நின்ற கணக்கன்று. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் போஸ்மன் என்னும் ஊரில் உயிர்ப்படலங்களை ஆராய்வதற்கென்றே 1990இல் ஒரு நடுவம் தொடங்கப்பட்டது. அங்குள்ள ஆய்வாளர்கள் கிளெப்சியெல்லா என்னும் கிருமியின் படலத்தை வளர்த்து, அதனூடே இரு மருந்துகளைச் செலுத்திப் பார்த்த முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆம்பிசிலின் மறுபுறம் வரவில்லை. காரணம், அம்மருந்தைச் சிதைக்கும் நொதி ஒன்றை அக்கிருமி சுரந்துகொண்டிருந்தது. அந்த நொதி இல்லாத வகையைக் கொண்டு செய்தபோது மருந்து தடையின்றிக் கடந்தது. சிப்ரோஃப்ளாக்சசினோ எளிதாகவே ஊடுருவிற்று. வியப்பு யாதெனில், மருந்து முழுதும் ஊடுருவிய பின்னரும் படலத்துக் கிருமிகள் மடியாமல் நின்றன. சென்று சேர்ந்தது மெய். செயற்படவில்லை என்பதும் மெய்.

“அப்படியானால் எதுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது?” என்று மச்சான் கேட்டார். “பசி” என்றான் மகன்.

இதனை விளக்க அவன் ஒரு கல்யாண வீட்டைக் காட்டினான். ஒரே ஒரு வாசல் உள்ள நீண்ட கூடம். கூட்டம் நெருக்கியடித்து அமர்ந்திருக்கிறது. வாசலில் ஒருவர் அத்தர் தெளிக்கிறார். இன்னொருவர் சோற்றுத் தட்டுகளைக் கைமாற்றி உள்ளே அனுப்புகிறார். அத்தரின் மணத்தை எவரும் உண்பதில்லை. ஆகவே அது சற்று நேரத்தில் கடைசி வரிசை வரைக்கும் எட்டிவிடுகிறது. தட்டோ முதல் வரிசையிலேயே நின்றுவிடும். மிஞ்சினால் இரண்டாவது, மூன்றாவது. கடைசி வரிசைக்கு மணம் உண்டு, சோறு இல்லை. மருந்து அத்தரைப் போன்றது. உணவும் பிராணவாயுவும் தட்டுகளைப் போன்றவை. இரண்டும் ஒரே வழியில் ஒரே விதிப்படிதான் உள்ளே வருகின்றன. வழியில் உண்ணப்படுவது எட்டுவதில்லை, உண்ணப்படாதது எட்டுகிறது. மருந்தைச் சிதைத்து விழுங்கும் கிருமிகள் இருந்தாலன்றி, வேறுபாடு இவ்வளவே.

இவ்வேறுபாட்டைச் சமன்பாடாக எழுதும்போதுதான் கணித மாதிரி பிறக்கிறது. ஃபிக்கின் விதி ஒரு பக்கம்: எவ்வளவு உணவு உள்ளே வருகிறது? பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ 1942ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் கூறிய வளர்ச்சி விதி மறு பக்கம்: கிடைக்கும் உணவிற்கேற்பக் கிருமி எவ்வளவு வேகமாக உண்டு பெருகுகிறது? வரவையும் செலவையும் படலத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் சமன் செய்துகொண்டே போனால், எந்த ஆழத்தில் உணவு தீர்ந்துபோகிறது என்பது தெரியும். அடர்ந்த படலங்களில் பிராணவாயு சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திற்குள்ளாகவே தீர்ந்துவிடுவதுண்டு. இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. வெளியே உணவை நான்கு மடங்காக்கினாலும் அது எட்டும் ஆழம் இரண்டு மடங்குதான் கூடும். ஆதலால் எவ்வளவு வளமான இடத்திலும் தடித்த படலத்தின் உள்ளே பட்டினி அடுக்கு ஒன்று இருந்தே தீரும்.

பட்டினி கிடக்கும் கிருமி பெருகுவதில்லை, ஏறத்தாழ உறங்குகிறது. அந்த உறக்கமே அதன் கவசம். பென்சிலின் முதலிய மருந்துகள், வளர்கின்ற கிருமி தன் சுவரைக் கட்டும்போது அவ்வேலையைக் கெடுத்து அதனைக் கொல்பவை. சுவரே கட்டாதவனிடம் எந்த வேலையைக் கெடுப்பது? ஜோசப் பிகர் என்னும் அயர்லாந்து அறிஞர் 1944ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையின் ஒரு முனையைத் தொட்டார். பென்சிலினில் மூழ்கிய ஸ்டஃபிலோகாக்கஸ் கூட்டத்தில் பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் சில பிழைத்திருப்பதைக் கண்டார். அவை மருந்தை எதிர்க்கும் புதிய இனமல்ல. அவற்றின் சந்ததி மீண்டும் அதே மருந்திற்கு மடிந்தது. அப்போது மட்டும் அவை வளராமல் இருந்தன, அதனால் தப்பின.

பரிசோதனைத் தாளின் புதிரும் இங்கே அவிழ்கிறது. அங்கே சோதிக்கப்படுவது நல்ல உணவில் வளர்த்தெடுத்த, கொழுத்துப் பெருகுகின்ற கிருமி. மூட்டினுள் உலோகத்தின்மேல் ஒட்டியிருப்பதோ அதே கிருமியின் உறங்கும் உறவு. தாள் பொய் சொல்லவில்லை. வேறொரு கேள்விக்கு விடை சொல்லியிருந்தது. இக்குறையை நீக்கவே கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தார் 1999ஆம் ஆண்டில், மூடியிலிருந்து தொங்கும் 96 சிறு முளைகளில் படலத்தையே வளர்த்து மருந்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டனர்.

இந்தக் கணக்குகள் மருத்துவத்திற்கு மட்டும் உரியன அல்ல. அவற்றைப் பெரிதும் வளர்த்தவர்கள் நீரைச் சுத்திகரிக்கும் பொறியாளர்களே. கழிவுநீர் கல்லடுக்குகளின் மேல் வழிந்தோடும்போது, கல்லில் படிந்த படலம் அதிலுள்ள அழுக்கை உண்டு தீர்க்கிறது. அதே வழும்பு, மூட்டில் பகை, ஆலையில் ஊழியன். புரூஸ் ரிட்மனும் பெரி மெக்கார்ட்டியும் 1980ஆம் ஆண்டில் ஒரு மாதிரியை வகுத்து, நீரில் உணவு ஒரு குறைந்த எல்லைக்குக் கீழே போனால் படலம் நிலைத்து வாழ முடியாது என்று காட்டினர். அந்த எல்லைக்குக் கீழே நீரைத் தூய்மையாக்க அப்படலத்தை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது அதன் மறுபக்கம். சுவிட்சர்லாந்தின் வானரும் கூயரும் 1986ஆம் ஆண்டில் பல இன உயிர்கள் ஒரே படலத்தில் இடத்திற்கும் உணவிற்கும் போட்டியிடுவதைச் சமன்பாட்டில் அமைத்தனர். 1998ஆம் ஆண்டில் பிச்சியோரியானு என்பாரும் அவர் தோழர்களும் கணிப்பொறியில் கட்டம் கட்டமாகப் படலத்தை வளர்த்துப் பார்த்தனர். உணவு தாராளமாகக் கிடைத்தபோது படலம் சமமாக, அடர்த்தியாக வளர்ந்தது. உணவு அரிதானபோது விரல் விரலாகவும் காளான் போலவும் மேலெழுந்தது. எந்தக் கிருமிக்கும் கொத்தனார் கட்டளையிடவில்லை. சற்றே மேடாக இருந்தது உணவிற்கு அருகில் இருந்தது. அதனால் இன்னும் மேடாயிற்று. உள்ளவனிடமே மேலும் சேர்கின்ற உலக நடப்பு அங்கேயும் இருக்கக் கண்டு நாம் பெருமூச்சு விட்டோம். அந்த ஆய்வு நடந்த ஊர் டெல்ஃப்ட். லேவன்ஹூக் தம் பல் ஊத்தையைப் பார்த்த அதே டெல்ஃப்ட்!

மாதிரிகள் பெருகியபோது, எது சிறந்தது என்ற கேள்வியும் எழுந்தது. அனைத்துலக நீர்ச் சங்கத்தின் குழுவொன்று ஒரே வினாக்களைப் பல மாதிரிகளிடமும் கொடுத்து ஒப்பிட்டு, 2006ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. படலம் மொத்தத்தில் எவ்வளவு உணவை உட்கொள்ளும் என்பது போன்ற எளிய வினாக்களுக்கு, எளிய மாதிரிகளும் பெரிய கணிப்பொறி மாதிரிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன. படலத்தின் வடிவத்தைக் கேட்டால்தான் பெரிய மாதிரி தேவைப்பட்டது. எதைக் கேட்கிறோம் என்று தெளிந்த பின்பே கருவியைத் தேட வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நம் வீட்டில் தேவைப்பட்டது இரண்டு வரிதான்.

அந்த இரண்டு வரிக்குப் பின் மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் இன்னும் வீரியமான மருந்தென்பது தூங்குகிறவன் காதில் இன்னும் உரக்கக் கத்துவதுதானா?” என்றார். மகன் சிரித்தான். “கூட்டத்தைக் கலைக்க வேண்டும் வாப்பா. சுரண்டி எடுத்துவிட்டால் தடிமன் போகும். மிச்சம் இருப்பவற்றிற்கு உணவு எட்டும், எட்டினால் விழிக்கும், விழித்தவற்றை மருந்து பார்த்துக்கொள்ளும். உம்மாவின் உடம்பிலுள்ள காவலும் அப்போது கிட்டே போகலாம்.” லாத்தா திரைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “கழுவட்டும்” என்று அவரே சொன்னார். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

மருத்துவர் மூட்டைத் திறந்து, கெட்ட சதையை நீக்கி, உலோகத்தைத் தேய்த்துக் கழுவி, இடைத்தகட்டை மாற்றினார். சில வாரங்கள் ஊசி. பிறகு சில மாதங்கள் மாத்திரை. அவற்றுள் ஒன்று காச நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் மருந்து. உலோகத்தில் ஒட்டி மந்தமாகக் கிடக்கும் ஸ்டஃபிலோகாக்கஸையும் தாக்க வல்லது என்பதால் அதனைச் சேர்ப்பது மருத்துவ வழக்கம். லாத்தாவுக்குக் காய்ச்சல் அதன்பின் திரும்பவில்லை. ஒருவர் குணமடைந்தது ஒரு கணக்கிற்குச் சான்றாகாது. எல்லா மூட்டுகளும் இவ்வாறு தப்புவதில்லை. சிலருக்கு உலோகத்தையே எடுக்க வேண்டி வருகிறது. கணக்கு நமக்குத் தந்தது குணத்தை அன்று; எதற்காக அஞ்சவேண்டும், எதற்காக அஞ்சவேண்டாம் என்னும் தெளிவை. இரண்டு நாளில் முடிவு சொல்ல வேண்டிய குடும்பத்திற்கு அது சிறிய கொடையன்று.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மருந்தைச் சில காலம் நிறுத்தி, உறங்குபவை விழித்ததும் மீண்டும் கொடுத்தால் என்ன என்ற யோசனையைப் பிகரே வெளியிட்டார். பிற்காலக் கணிதர்கள் அதனைச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தனர். இடைவெளி சரியாக அமைந்தால் பயன். தவறினால் கிருமிக்கே ஆதாயம் என்பது அதில் தெரிந்தது. ஆகவே வீட்டிலிருந்தபடி மருந்தை நிறுத்தியும் தொடங்கியும் பார்ப்பதற்கு இக்கட்டுரையை எவரும் துணையாகக் கொள்ள வேண்டாம். வீட்டில் செய்யத்தக்கது வேறு. வாயைக் கொப்பளிப்பதோடு நில்லாமல் மிஸ்வாக் குச்சியாலோ தூரிகையாலோ பல்லைத் தேய்க்கலாம். குடத்தில் மருந்துத் தண்ணீரை ஊற்றி வைப்பதோடு நில்லாமல் கைவிட்டு உரசிக் கழுவலாம். படலத்திற்கு அஞ்சத்தக்க பகை உராய்வுதான்.

லேவன்ஹூக் கண்ட காட்சியில் பிழையில்லை. வெளியே இருந்தவை மடிந்தன, உள்ளே இருந்தவை பிழைத்தன. காட்சிக்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணத்தைத்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி. வேலை செய்ததா என்பது மற்றொரு கேள்வி. மருந்தானாலும், அறிவுரையானாலும், இல்லாதவர்க்கென்று நாம் ஒதுக்கும் உதவியானாலும் இவ்விரண்டையும் தனித்தனியே கேட்பது நலம். முதல் வரிசையோடு நின்றுபோன தட்டுகளைக் கணக்கில் எழுதிவிட்டு, கூடம் முழுவதும் உண்டதாக நாம் எண்ணிக்கொள்ளலாகாது.